கணினி ஆலோசகர் களத்துக்கு வரவேண்டும்

கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ பிரதேச செயலகம் ஒன்றின் கருமபீடத்துக்கு அருகே ஒரு காலைப் பொழுதை நின்று கழித்தவர்களுக்கு இக்காட்சி புதிதாக இராது. வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் பொலித்தீன் உறையொன்றிலிருந்து தமது பத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கின்றார். பிறப்புச் சான்றிதழில் அவருடைய பெயர் ஒரு விதமாகவும், தேசிய அடையாள அட்டையில் வேறொரு விதமாகவும், காணி உறுதியில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருக்கின்றது. தந்தையின் பெயர் ஓரிடத்தில் முழுமையாகவும் மற்றோரிடத்தில் முதலெழுத்தாகவும் உள்ளது. மூவரும் ஒருவரே என்பதை நிறுவுவதற்காகச் சமாதான நீதவானிடம் பெற்ற சத்தியக் கடதாசியும் கூடவே இருக்கின்றது.

கருமபீடத்துக்கு அப்பால் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞருக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. அந்தப் பெண்மணியின் குடும்பத்தையும் அவர் அறிவார், எமது ஊர்களில் பெயர்கள் பதியப்பட்டு வந்த முறையையும் அறிவார். ஆனால் அவருக்கு முன்னால் இருக்கும் கணினி இவற்றை அறியாது. அது முதற்பெயரைக் கேட்கின்றது. பின்னர் குடும்பப் பெயரைக் கேட்கின்றது. குடும்பப் பெயர் என்று ஒன்றில்லாத சமூகத்தில் அந்தக் கட்டத்தை எதனால் நிரப்புவது? ஒருவர் தந்தையின் பெயரை இடுகின்றார், மற்றொருவர் சொந்தப் பெயரையே இரண்டாகப் பிரித்து இடுகின்றார், மூன்றாமவர் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்கின்றார். சில ஆண்டுகளின் பின்னர் அதே பெண்மணியின் விபரத்தைத் தேடும்போது கணினியில் அவர் அகப்படுவதில்லை.

இத்தகைய குறைபாடுகளுக்குக் காரணம் கணினியும் அன்று, கருமபீடத்தில் இருப்பவரும் அன்று. அந்த மென்பொருளைத் திட்டமிட்டவர்கள் அந்தக் கருமபீடத்தில் ஒரு நாளேனும் அமர்ந்திருந்து பார்க்கவில்லை என்பதே காரணம் என நாம் கருதுகின்றோம். தகவல் தொழில்நுட்ப ஆலோசகர்கள் தமது சேவையைப் பெறும் நிறுவனத்தின் பணியிடத்திலேயே தங்கியிருந்து கடமையாற்ற வேண்டியதன் அவசியத்தை எமது கரையோரப் பிரதேசத்தின் அனுபவங்களைக் கொண்டு விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆலோசகரின் பணி எத்தகையது?

தகவல் தொழில்நுட்ப ஆலோசகர் என்றவுடன் கணினி திருத்துபவரையோ மென்பொருள் விற்பவரையோ எண்ணிக்கொள்வது எம்மிடையே வழக்கமாக இருக்கின்றது. உண்மையில் அவருடைய பணி இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. ஒரு வைத்தியசாலை, ஒரு மாநகர சபை, ஒரு கூட்டுறவுச் சங்கம் அல்லது ஓர் அரிசி ஆலை தனது வேலைகளைக் கணினி மயப்படுத்த விரும்பும்போது, அங்கு எந்த வேலை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை ஆராய்ந்து, அதில் எதனைக் கணினியிடம் ஒப்படைக்கலாம், எதனை மனிதரிடமே விட்டுவைக்க வேண்டும் என்று தீர்மானிக்க உதவுபவரே ஆலோசகர். நிறுவனத்தின் தேவைகளை நிரலாளர்களுக்கு விளங்கும் வகையில் எழுதிக்கொடுப்பதும், முடிவுற்ற மென்பொருளை ஊழியர்களுக்குப் பழக்குவதும் அவருடைய பொறுப்பாகும்.

இந்தப் பணியை இரண்டு விதமாகச் செய்யலாம். ஆலோசகர் தமது அலுவலகத்தில் இருந்துகொண்டு தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் கேள்விகளைக் கேட்டு விடைகளைப் பெறலாம். அல்லது சேவை பெறும் நிறுவனத்துக்கே வந்து, அங்குள்ள மேசையொன்றில் அமர்ந்து, அந்த ஊழியர்களில் ஒருவராகச் சில வாரங்களைக் கழிக்கலாம்.

எமது அயல்நாடான இந்தியாவின் மென்பொருட் துறை இரண்டாவது வழியிலேயே தொடங்கியது. 1968 இல் ஆரம்பிக்கப்பட்ட டாட்டா கன்சல்டன்சி சேர்விசஸ் நிறுவனம், எப்.சி.கோலியின் தலைமையில் 1970களில் அமெரிக்க நிறுவனங்களின் வேலைகளைப் பெறத் தொடங்கியபோது பொறியியலாளர்களைக் கடல் கடந்து அனுப்பி வைத்தது. சென்னையிலும் மும்பையிலும் படித்த இளைஞர்கள் அமெரிக்க வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்தனர். 1985 இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் தனது நிலையத்தை அமைத்து, செய்மதித் தொடர்பின் மூலம் வேலைகளை அங்கிருந்தே செய்விக்கும் வழியைத் திறந்தது. அதன் பின்னர் ஒரு சிலர் சேவை பெறும் நிறுவனத்தில் தங்கியிருக்க, பெரும்பாலானோர் சொந்த நாட்டிலிருந்து பணிபுரியும் முறை வளர்ச்சி பெற்றது. இவ்வாறு செலவைக் குறைப்பதையே பெருநோக்காகக் கொண்ட நிறுவனங்கள் கூட, அந்த ஒரு சிலரை முற்றாக நீக்கிவிடவில்லை என்பது கவனத்திற் கொள்ளத்தக்கது.

2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய மென்பொருள் வல்லுநர்கள் 17 பேர், மென்பொருள் ஆக்கத்துக்கான சில கோட்பாடுகளை வகுத்து வெளியிட்டனர். மென்பொருளை ஆக்குபவர்களும் அதனைப் பயன்படுத்தும் துறையைச் சார்ந்தவர்களும் நாள்தோறும் சேர்ந்து வேலை செய்யவேண்டும் என்பதும், செய்தியைப் பரிமாற நேருக்கு நேர் உரையாடுவதே சிறந்த வழி என்பதும் அவற்றுள் அடங்கும். உலகின் எந்த மூலைக்கும் நொடியில் செய்தி அனுப்பும் கருவிகளைப் படைத்தவர்களே இந்த முடிவுக்கு வந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

கேள்விக்கொத்தில் அகப்படாதவை

தொலைவிலிருந்து கேட்கும்போது என்ன தவறிப்போகின்றது? பதில் மிகவும் எளிமையானது. மனிதர்கள் தமக்கு நன்கு பழகிப்போன ஒன்றைப் பற்றி, எவரும் கேட்டாலன்றிச் சொல்வதில்லை. கேட்பவருக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனவே கேட்கவேண்டிய கேள்வி கேட்கப்படுவதில்லை.

வயல் நிலத்தை எடுத்துக்கொள்வோம். எமது மாவட்டம் இலங்கையின் நெற்களஞ்சியங்களில் ஒன்று. இங்குள்ள விவசாயி 'வேளாண்மை' என்று சொல்லும்போது அவர் பொதுவான விவசாயத் தொழிலைக் குறிப்பதில்லை, வயலில் நிற்கும் நெற்பயிரையே குறிக்கின்றார். வேளாண்மை வெட்டியாயிற்றா என்று கேட்பது எமது வழக்கு. வயற்பரப்பை வட்டை, கண்டம் எனப் பகுத்தும், நெல்லையும் விதைப்பையும் அவணக் கணக்கிலும் பேசிவந்த மக்கள் நாம். வட்டைவிதானை என்ற ஒருவர் இல்லாமல் நீர்ப்பங்கீட்டுப் பிணக்குகள் தீர்ந்ததில்லை. ஏக்கர், கிலோகிராம், உரிமையாளர் என்ற மூன்று கட்டங்களை மட்டும் கொண்ட படிவமொன்று கொழும்பிலிருந்து வந்தால், அதனையும் எமது விவசாயி நிரப்பிக் கொடுப்பார். ஆனால் வயலின் சொந்தக்காரர் ஒருவர், அதனைக் குத்தகைக்குச் செய்பவர் வேறொருவர் என்ற நிலையில் உர மானியமோ வெள்ள நட்டஈடோ யாருக்குப் போய்ச் சேரவேண்டும் என்ற கேள்வி அந்தப் படிவத்தில் எழுவதில்லை. வயல் வரம்பில் ஒரு பெரும்போகத்தைக் கழித்த ஆலோசகருக்கு அக்கேள்வி முதல் நாளிலேயே எழும்.

கல்முனை பசாரில் உள்ள கடையொன்றைக் கொள்வோம். தவணை முறையில் பொருள் விற்கும் வியாபாரி கணக்கு மென்பொருள் ஒன்றை வாங்குகின்றார். தவணை தவறினால் அந்த மென்பொருள் தானாகவே வட்டியைக் கூட்டிவிடும். வட்டியைத் தவிர்த்து வாழும் முஸ்லிம் வியாபாரிக்கு அது ஏற்புடையதன்று. அதனை நிறுத்துவதற்கு வழியில்லாத நிலையில் அவர் என்ன செய்வார்? கணினியை வரிக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உண்மையான கடன் கணக்கைப் பழையபடி கொப்பியிலேயே எழுதி வருவார். கணினிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி இருக்குமாயின் அந்த மென்பொருள் தோல்வி கண்டுவிட்டது என்பதே அதன் பொருள். தொலைபேசியில் பேசும் ஆலோசகரின் கண்ணுக்கு அந்தக் கொப்பி ஒருபோதும் தென்படாது. வியாபாரியும் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்.

மருதமுனையின் நெசவுத் தொழிலிலும் இதுவே நிலை. நூலைப் பெற்றுச் சென்று வீட்டுத் தறியில் நெய்து கொடுப்பவருக்குக் கூலி ஒரு கணக்கு, முற்பணம் மற்றொரு கணக்கு, எஞ்சிய நூல் இன்னொரு கணக்கு. ஆடைத் தொழிற்சாலைக்கென எழுதப்பட்ட மென்பொருளில் நாட்சம்பளம் பெறும் ஊழியருக்கு இடமுண்டு. வீட்டில் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுத் தறியில் அமரும் பெண்ணுக்கு இடமில்லை.

எமது சொந்த அனுபவம் ஒன்றையும் இங்கு குறிப்பிடலாம். பத்திரிகைக் காரியாலயம் ஒன்றில் பழைய கட்டுரைகளைத் தேடி எடுப்பதற்கான ஏற்பாடொன்று, நேரில் வராத ஆலோசகர்களால் ஒருமுறை வடிவமைத்து அனுப்பப்பட்டது. அதனை இயக்கிப் பார்த்தபோது திரையெங்கும் ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமாகத் தோன்றின. இலங்கையின் தமிழ் அலுவலகங்கள் பலவற்றைப் போலவே நாமும் ஆண்டுக்கணக்காகப் 'பாமினி' எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்து வந்தோம் என்பதும், அவ்வெழுத்துரு ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தியதேயன்றி யூனிகோட் முறையில் அமைந்ததன்று என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. தமிழில்தானே தட்டச்சுச் செய்கின்றோம் என்றே எண்ணியிருந்தோம். தட்டச்சுச் செய்யும் தம்பியின் பின்னால் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விடயம், பல மாதங்களையும் பெருந்தொகைப் பணத்தையும் விழுங்கியது.

ஆழிப்பேரலை கற்றுத்தந்த இரு பாடங்கள்

இவையெல்லாம் வசதிக் குறைவுகளே என்று எவரேனும் கருதக்கூடும். எமது கரையோரத்தைப் பொறுத்தவரை இது அதனிலும் பாரதூரமான விடயம் என்பதை 2004 டிசம்பர் 26 ஆம் திகதி நிகழ்ந்த ஆழிப்பேரலை அனர்த்தம் காட்டியது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மட்டும் உயிரிழந்தனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்களில் கடலோர வீதிகள் சில நிமிடங்களில் அழிந்தன.

அந்த நாட்களில் நிவாரணப் பணிகளை ஒருங்கிணைக்கக் கொழும்பில் தேசிய செயற்பாட்டு நிலையம் அமைக்கப்பட்டது. அதற்குத் துணையாக, லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் அமைப்பைச் சூழ்ந்த தொண்டர்களான இலங்கை மென்பொருட் பொறியியலாளர்கள் சில வாரங்களிலேயே 'சஹன' என்ற முகாமைத்துவ மென்பொருளை உருவாக்கினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் விபரம், உதவி அமைப்புக்களின் பட்டியல், எங்கே எது தேவைப்படுகின்றது என்ற கோரிக்கைப் பதிவு ஆகியன அதன் பிரதான பகுதிகளாக இருந்தன. 2005 இல் பாகிஸ்தானின் பூமியதிர்ச்சியின் போதும், 2006 இல் பிலிப்பைன்சில் ஏற்பட்ட மண்சரிவின் போதும், அதே ஆண்டில் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா பூமியதிர்ச்சியின் போதும் அது பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நலன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. நிவாரணப் பணி நடைபெறும் சூழலுக்கு அருகிலேயே, அன்றன்று எழும் தேவையைப் பார்த்து எழுதப்பட்ட மென்பொருள் உலகத்துக்கே பயன்பட்டது என்பது முதற் பாடம்.

இரண்டாவது பாடம் கசப்பானது. முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாவும், பகுதியாகச் சேதமுற்ற வீட்டுக்கு 100,000 ரூபாவும் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மாதம் 5,000 ரூபா குடும்பக் கொடுப்பனவும் அறிவிக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் படிவங்கள் வந்தன. படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டம் இருந்தது. நிர்வாக வழக்கப்படி அக்கட்டத்தில் ஆணின் பெயரே பெரும்பாலும் எழுதப்பட்டது.

ஆனால் மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை நீளும் இக்கரையின் வழமை வேறு. மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடித்து வைப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதும் இங்கு தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் நிலவிவரும் முறையாகும். தாயின் வீடு மூத்த மகளுக்குப் போகும். அதே வளவில் இளையவளுக்கு இன்னொரு வீடு எழும். வீட்டின் உறுதி பெண்ணின் பெயரில் இருக்கும். ஒரே முகவரியில் தாயும் மணமுடித்த சகோதரிகளுமாக இரண்டு மூன்று குடும்பங்கள் வாழும். இவ்வழமையின் நன்மை தீமைகள் தனியாக விவாதிக்கப்படவேண்டியவை. ஆயினும் அலை அடித்துச் சென்ற வீடு யாருடையது என்ற கேள்விக்கு, இக்கரையில் பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயரே விடையாக இருந்தது.

படிவம் அதனைக் கேட்கவில்லை. இதன் விளைவாகப் பல இடங்களில் பெண்ணுக்கு உரித்தான வீட்டுக்குரிய நட்டஈடும், புதிய குடியேற்றங்களில் கிடைத்த வீட்டுரிமையும் கணவனின் பெயருக்கு மாறிச் சென்றன. தனது பெயரில் வீடு இருந்தமையால் மணவாழ்வில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த பாதுகாப்பு, ஒரு கட்டத்தில் எழுதப்பட்ட பெயரினால் பறிபோனது. இதனை ஆய்வாளர்களும் பெண்கள் அமைப்புக்களும் பின்னர் விரிவாக எடுத்துக்காட்டினர்.

இக்குறை முதலில் கடதாசிப் படிவத்தில் இருந்ததேயன்றி மென்பொருளில் உண்டானதன்று என்பதை நாம் ஏற்றுக்கொள்கின்றோம். எனினும் கடதாசிப் படிவத்தின் ஓரத்தில் 'வீடு மனைவிக்குரியது' என்று கிராம உத்தியோகத்தர் ஒருவர் பேனாவால் எழுதிவைக்க இடமிருக்கின்றது. கணினித் திரையில் ஓரம் என்று ஒன்றில்லை. ஆகவே படிவம் கணினிக்கு ஏறும் முன்னரே, அதனைத் திட்டமிடுபவர் மருதமுனையிலோ காரைதீவிலோ ஒரு வீட்டு முற்றத்தில் அமர்ந்து இரண்டு பெண்களிடம் பேசியிருக்க வேண்டும் என்பதே எமது வாதம்.

இது கடந்தகாலக் கதை மட்டுமன்று. 2022 இல் எரிபொருள் நெருக்கடியின்போது அறிமுகப்படுத்தப்பட்ட கியூ.ஆர். அனுமதிமுறை, நீண்ட வரிசைகளைக் குறைத்த பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் அது வாகன இலக்கத்தை அடிப்படையாகக் கொண்டு தொடங்கியது. மீனவரின் வள்ளத்துக்கும் விவசாயியின் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் வாகன இலக்கம் கிடையாது. 2023 இல் 'அஸ்வெசும' நலன்புரித் திட்டத்தின் பயனாளிகள் பட்டியல் வெளியானபோது நாடெங்கிலுமிருந்து இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. ஒவ்வொரு மேன்முறையீட்டுக்குப் பின்னாலும் ஒரு நாட்கூலியை இழந்து வரிசையில் நின்ற ஒருவர் இருக்கின்றார்.

பிரித்தானியாவின் பாடம்

செல்வந்த நாடுகளில் இவ்வாறு நடைபெறாது என்று எண்ணிவிட வேண்டாம். பிரித்தானியாவில் 1999 ஆம் ஆண்டு முதல் உப தபாலகங்களில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் நிறுவப்பட்டது. அது காட்டிய கணக்கில் பணம் குறைவதாகத் தெரிந்தபோது, அதனைத் திருடியவர்கள் உப தபாலதிபர்களே என்று கொள்ளப்பட்டது. 1999 க்கும் 2015 க்கும் இடையில் 900 க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். பலர் சிறை சென்றனர், பலர் சொத்தை இழந்தனர், சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர். அலன் பேட்ஸ் என்ற உப தபாலதிபரின் தலைமையில் நீண்டகாலம் போராடியதன் பின்னர், மென்பொருளில் வழுக்கள் இருந்தமையை 2019 இல் உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2024 இல் பெருந்தொகையானோரின் தண்டனைகளைப் பிரித்தானிய நாடாளுமன்றம் தனியான சட்டமொன்றினால் நீக்கியது.

அந்தத் தபாலகங்களுக்கு அதிகாரிகள் செல்லாமல் இருக்கவில்லை. கணக்காய்வாளர்கள் சென்றனர், விசாரணையாளர்கள் சென்றனர். அவர்கள் தபாலதிபரிடம் குற்றத்தைத் தேடினார்களேயன்றி மென்பொருளில் குறையைத் தேடவில்லை. எனவே களத்துக்கு வருவது மட்டும் போதாது என்பதையும் இச்சம்பவம் உணர்த்துகின்றது. வருபவர் கற்றுக்கொள்ளும் மனதோடு வரவேண்டும். கருமபீடத்தில் இருப்பவர் இது சரியில்லை என்று சொல்லும்போது, அவருக்குக் கணினி தெரியாது என்று ஒதுக்காமல், தமது மென்பொருளுக்கு அவருடைய வேலை தெரியவில்லையோ என்று ஐயுறும் பண்பு வேண்டும்.

ஆட்சேபனைகள் சில

இக்கருத்துக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் நாம் புறந்தள்ள முடியாது. முதலாவது செலவு. கொழும்பிலிருந்து கல்முனைக்கு ஓர் இரவுப் பேருந்துப் பயணம். தங்குமிடம், உணவு, நாட்கொடுப்பனவு எல்லாம் சேர்ந்தால் சிறிய நிறுவனமொன்றால் தாங்க இயலாது போகலாம். 2020 ஆம் ஆண்டின் கொரோனாத் தொற்றுக் காலத்தில் உலகெங்கும் வேலைகள் வீட்டிலிருந்தே நடைபெற்றனவே என்றும் கேட்கப்படுகின்றது.

உண்மைதான். ஆனால் தொற்றுக் காலத்தில் தடையின்றி நடைபெற்றவை பெரும்பாலும் ஏற்கனவே ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஏற்கனவே விளங்கிக்கொண்ட வேலைகளே. தொடக்கம் முதல் முடிவு வரை ஆலோசகர் இங்கேயே தங்கியிருக்க வேண்டும் என்று நாமும் கோரவில்லை. இரண்டு காலப்பகுதிகளில் அவர் நேரில் இருப்பது இன்றியமையாதது. முதலாவது, தேவைகளை அறியும் தொடக்க வாரங்கள். இரண்டாவது, பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாறும் வாரங்கள். இடைப்பட்ட காலத்தில் நிரல் எழுதும் வேலை எங்கிருந்தும் நடைபெறலாம். அந்த இரு காலப்பகுதிகளுக்கான செலவை மிச்சப்படுத்திய நிறுவனம், பின்னர் திருத்தங்களுக்காக அதனைவிடக் கூடுதலாகச் செலவிட நேர்வதைப் பலரும் அனுபவத்தில் கண்டிருக்கின்றனர்.

மாறும் காலத்தைத் தெரிவு செய்வதற்கும் ஊரை அறிந்திருக்க வேண்டும். நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமையில் கல்முனைக் கடையொன்றில் புதிய விற்பனை மென்பொருளைத் தொடக்கி வைப்பவர் இந்த ஊரை அறியாதவர். அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை அரிசி ஆலையொன்றில் ஊழியர்களைப் பயிற்சி வகுப்புக்கு அழைப்பவரும் அவ்வாறே.

இரண்டாவது ஆட்சேபனை, ஆலோசகர் நெடுநாள் தங்கினால் நிறுவனம் அவரையே நம்பிக் கிடக்கும் என்பதாகும். இதுவும் நியாயமான அச்சமே. அவர் போன பிறகு எதுவும் ஓடாத நிலை ஏற்படுமாயின் அந்த ஆலோசனை பயனற்றது. தாம் கற்றதை எழுதிவைப்பதும், நிறுவனத்தின் ஊழியர் ஒருவரை முதல் நாளிலிருந்தே பக்கத்தில் வைத்துப் பழக்குவதும் ஆலோசகரின் கடமையாக ஒப்பந்தத்திலேயே குறிப்பிடப்பட வேண்டும்.

மூன்றாவது, இரகசியம் பற்றியது. உள்ளே வந்து அமரும் ஒருவர் நோயாளரின் விபரங்களையும் கடன்காரரின் கணக்கையும் விதவையின் வருமானத்தையும் காண்பார். அவை அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தமது மடிக்கணினியில் அவற்றைப் பிரதி செய்துகொண்டு ஊர் திரும்ப அவருக்கு உரிமையில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் இத்தகைய பொறுப்புக்களைச் சட்ட வரம்புக்குள் கொண்டுவந்திருக்கின்றது. அதனை அறியாத ஆலோசகரை எமது நிறுவனங்கள் அமர்த்தலாகாது.

நாம் செய்ய வேண்டியவை

எமது பிரதேசத்தின் உள்ளூராட்சி மன்றங்களும் வைத்தியசாலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் பள்ளிவாசல் மற்றும் ஆலய நிர்வாகங்களும் வர்த்தகர்களும் மென்பொருளொன்றுக்கு விலைமனுக் கோரும்போது சில நிபந்தனைகளை விதிக்கலாம். ஆலோசகர் எத்தனை நாட்கள் நேரில் பணிபுரிவார் என்பதை விலைமனுவில் தனியாகக் காட்டுமாறு கேட்கலாம். தமிழ் பேசக்கூடிய ஒருவரேனும் அந்தக் குழுவில் இருக்கவேண்டும் என வலியுறுத்தலாம். உயரதிகாரியுடன் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாமல், கருமபீட ஊழியர்கள், கிராம உத்தியோகத்தர்கள், வரிசையில் நிற்கும் பொதுமக்கள், குறிப்பாகப் பெண்கள் ஆகியோருடனும் பேசியாக வேண்டும் என நிபந்தனையிடலாம். இறுதிக் கொடுப்பனவை மென்பொருள் கையளிக்கப்பட்ட நாளில் வழங்காது, ஊழியர்கள் அதனைத் தாமாகவே ஒரு மாதம் பயன்படுத்திய பின்னர் வழங்கலாம். மேசைமேல் பழைய கொப்பி இன்னும் இருக்கின்றதா என்று பார்ப்பதே அதற்கான சோதனை.

மற்றொரு பொறுப்பு எமது இளைஞர்களைச் சார்ந்தது. ஒலுவிலை மையமாகக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1990களின் நடுப்பகுதியிலிருந்து இக்கரையில் இயங்கி வருகின்றது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் அமைந்திருக்கின்றது. ஆண்டுதோறும் கணினி கற்று வெளியேறும் எமது பிள்ளைகளில் பலர் கொழும்புக்கோ வளைகுடா நாடுகளுக்கோ அதற்கு அப்பாலோ செல்கின்றனர். செல்லட்டும். அங்கு அவர்கள் பெறும் அனுபவம் வீண்போகாது. எனினும் ஆலோசகருக்கு வேண்டிய அறிவில் ஒரு பாதி எந்த நகரத்திலும் கற்பிக்கப்படுவதில்லை. குடி வழமையும், வட்டைவிதானையின் அதிகாரமும், ஒரே முகம்மது என்ற பெயரை முகமது என்றும் முஹம்மத் என்றும் முஹம்மது என்றும் எழுதும் எமது பழக்கமும் எமது பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே தெரிந்தவை. வெளியூர் நிபுணர் மூன்று மாதங்கள் தங்கி அறியவேண்டியதை அவர்கள் ஏற்கனவே அறிந்திருக்கின்றனர். அந்த அறிவுக்கும் சந்தையில் பெறுமதி உண்டு என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் எமக்கும் உண்டு.

பட்டதாரி மாணவர்களின் இறுதியாண்டுச் செயற்றிட்டங்களை இக்கரையின் அலுவலகங்களிலும் தறிக் கூடங்களிலும் மீனவர் சங்கங்களிலும் மேற்கொள்ளச் செய்வது இதற்கு நல்லதொரு தொடக்கமாக அமையும். மருதமுனையைச் சேர்ந்த மாணவி பாண்டிருப்பில் ஓர் அலுவலகத்திலும், காரைதீவைச் சேர்ந்த மாணவன் சாய்ந்தமருதில் ஒரு கடையிலும் சில வாரங்கள் அமர்ந்து பழகுவார்களாயின், அது மென்பொருளுக்கு மட்டுமன்றி அயல் சமூகங்களுக்கிடையிலான நல்லுறவுக்கும் உதவும். யுத்த ஆண்டுகளில் ஒருவர் ஊருக்கு மற்றவர் போகத் தயங்கிய தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள்.

அரச சேவைகள் ஒவ்வொன்றாகக் கணினித் திரைக்கு மாறிவரும் காலம் இது. இன்று தவறாகப் பதியப்படும் ஒரு பெயர் நாளை ஓய்வூதியத்தையும் நலன்புரிக் கொடுப்பனவையும் காணி உரிமையையும் பாதிக்கக்கூடும். அவ்வாறு பதியப்பட்ட பின்னர் திருத்துவது எத்துணை கடினம் என்பதைக் கருமபீடத்தில் நின்ற அந்த முதிய பெண்மணியைக் கேட்டால் சொல்வார். அடுத்த மென்பொருளுக்கான விலைமனு எமது பிரதேச அலுவலகம் ஒன்றில் திறக்கப்படும்போது, அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு ஆலோசகரை அமரச் செய்யுமாறு பொறுப்பு வாய்ந்தவர்களை நாம் கேட்டுக்கொள்கின்றோம்.